எண்ணெய் இல்லாத மொறுமொறுப்பு என்னும் பொய்

ஏர் ஃப்ரையர் இருக்கும் வீட்டில் எண்ணெய்க்கு வேலை இல்லை என்பது இன்று கிட்டத்தட்ட எல்லோரும் ஒப்புக்கொண்ட செய்தி ஆகிவிட்டது. கடையில் இயந்திரத்தை ஓட்டிக் காட்டுகிறவர் அதைத்தான் சொல்கிறார். 'ஒரு சொட்டு எண்ணெய்கூட இல்லாமல்' என்று யூடியூபில் தலைப்புப் போடுகிறார்கள். சர்க்கரை, கொலஸ்ட்ரால் என்று மருத்துவரைப் பார்த்துவிட்டு வந்த வீடுகளில் அந்த வார்த்தை பெரிய ஆறுதலாகவும் இருக்கிறது. நான் அதை மறுக்கிறேன். கோழித் தொடைக்கு அந்தப் பேச்சு பொருந்தலாம். தோலுக்கு அடியிலேயே கொழுப்பு இருக்கிறது, உருகித் தன்னைத் தானே வறுத்துக்கொள்ளும். மெல்லிய மைதாத் தோலில் பூரணம் வைத்து மடிக்கும் சீனப் பண்டமான வான்டனுக்குப் பொருந்தவே பொருந்தாது. அந்தப் பேச்சை நம்பித்தான் பல வீடுகளில் நல்ல பூரணமும் நல்ல தோலும் கெட்டுப்போகின்றன.

எண்ணெய் தொடாமல் ஏர் ஃப்ரையரில் வைத்து எடுத்த வான்டன் ஒன்றைக் கையில் வாங்கிப் பாருங்கள். ஓரங்கள் காந்திக் கரும்பழுப்பாகியிருக்கும். பூரணம் புடைத்திருக்கும் நடுப்பகுதியோ வெளிறிக் கிடக்கும். அங்கே விரலால் தடவினால் வெள்ளையாக மாவு ஒட்டும். தோல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமலிருக்க அடுக்கும்போது தூவிய சோள மாவு அது. கூடைக்குள் அத்தனை நேரம் இருந்தும் வேகவில்லை. மடிப்பு விழுந்த இடத்தைக் கடித்தால் பச்சை மாவு வாடை அடிக்கும். பல் பட்டதும் மொறுமொறுவென்று நொறுங்காது, காய்ந்த ஓடு மாதிரி டக்கென்று உடையும், அதன் கூர்முனை ஈறில் குத்தும். உலர்ந்ததற்கும் மொறுமொறுப்புக்கும் உள்ள வித்தியாசம் நாக்குக்கு உடனே தெரியும். தெரிந்தும், உடம்புக்கு நல்லதாயிற்றே என்று மென்று விழுங்குகிறோம். பிள்ளைகள் ஒன்றோடு எழுந்துவிடுகிறார்கள்.

இதற்கு இயந்திரத்தைக் குறைசொல்ல மாட்டேன். அது என்ன செய்யும் என்று நமக்குச் சொன்னவர்கள்தான் தவறாகச் சொன்னார்கள்.

ஏர் ஃப்ரையர் பொரிப்பதில்லை. அது ஒரு சிறிய அவன். மேலே சூடேறும் சுருள், அதற்கு மேல் விசிறி, கீழே காற்று நுழைந்து வெளியேறத் துளைகள் போட்ட கூடை. அவ்வளவுதான். விசிறி வைத்த அவன் புதிய கண்டுபிடிப்பும் இல்லை. இரண்டாம் உலகப் போர் முடிகிற காலத்திலேயே, 1945-இல், உறைந்த உணவை விமானத்தில் சூடாக்கித் தருவதற்காக வில்லியம் மேக்ஸன் என்ற அமெரிக்கர் அப்படி ஒன்றை உருவாக்கினார். நெதர்லாந்தின் ஃப்ரெட் வான் டெர் வைய் அந்த அவனைச் சுருக்கி, கூடையின் அமைப்பைத் திருத்தி, காற்று உணவைச் சுற்றிச் சுழலும்படி செய்தார். பிலிப்ஸ் நிறுவனம் 2010-இல் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. நல்ல வேலைதான். பெரிய அவன் சூடாவதற்குள் இதில் சமையலே முடிந்துவிடும். மின்சாரம் மிச்சம், அடுப்படியில் புகை கிடையாது. ஆனால் உள்ளே நடப்பது சூடான காற்றில் சுடுவது. எண்ணெயில் பொரிப்பது வேறு வேலை. சுட்ட அப்பளத்தைப் பந்தியில் வைத்துவிட்டு அதைப் பொரித்த அப்பளம் என்று நம் வீடுகளில் யாரும் சொல்வதில்லை. இரண்டுக்கும் தனித்தனி ருசி, தனித்தனிப் பக்குவம் உண்டு என்று நமக்குத் தெரியும். அப்பளத்தில் இருக்கும் அந்தத் தெளிவு வான்டனில் மட்டும் ஏன் கைவிட்டுப் போக வேண்டும்?

காயும் எண்ணெயில் வான்டன் விழும்போது என்ன நடக்கிறது என்று பார்த்தால் விஷயம் புரியும். எண்ணெயின் சூடு 180 டிகிரி. தோலின் மடிப்பு, மூலை, குழி எல்லாவற்றையும் அது ஒரே நொடியில் சூழ்ந்துவிடுகிறது. தோலுக்குள் இருக்கும் ஈரம் ஆவியாகிப் பீறிடுகிறது. அந்த வேகத்தில் மாவு வெந்துவிடுகிறது, சின்னச் சின்னக் கொப்புளங்கள் எழும்புகின்றன. தோலில் ஒட்டியிருந்த சோள மாவில் ஒரு பங்கு எண்ணெயில் உதிர்ந்துவிடும், மிச்சம் அங்கேயே பொரிந்துவிடும். இரண்டு மூன்று நிமிடத்தில் வேலை முடிகிறது. கொப்புளங்களின் மெல்லிய சுவரில் எண்ணெய் ஊறியிருப்பதால்தான் கடிக்கும்போது அது இதமாக நொறுங்குகிறது.

காற்றுக்கு அந்தத் திராணி கிடையாது. அதே 180 டிகிரியில் இருந்தாலும் எண்ணெய் கொடுக்கும் வேகத்தில் காற்றால் வெப்பத்தைக் கொடுக்க முடியாது. 180 டிகிரி அவனுக்குள் வெறுங்கையை ஒரு நொடி நீட்டி எடுக்கலாம். 180 டிகிரி எண்ணெயில் விரல்நுனி பட்டாலும் கொப்பளித்துவிடும். ஆகவே ஏர் ஃப்ரையரில் வான்டனுக்கு ஏழெட்டு நிமிடம் பிடிக்கிறது. அந்த நேரத்தில் மெல்லிய தோலுக்கு என்ன ஆகிறது? மைதாவில் உள்ள மாவுச்சத்து வேக ஈரமும் சூடும் சேர்ந்து வேண்டும். விசிறிக்காற்று முதலில் ஈரத்தைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுகிறது. சூடு ஏறும்போது ஈரம் இல்லை. மாவு வேகாமலே காய்கிறது. நான் மேலே சொன்ன வெளிறலும் பச்சை வாடையும் இதன் விளைவு.

எண்ணெயை இங்கேதான் உள்ளே விட வேண்டும். சட்டி நிறைய வேண்டாம். தோலின் மேல் ஒரு மெல்லிய பூச்சு போதும். அந்தப் பூச்சு மூன்று வேலை செய்கிறது. கரடுமுரடான மாவுப்பரப்பில் உள்ள நுண்ணிய பள்ளங்களை நிரப்பி, காற்றின் சூட்டைத் தோலுக்குச் சீராகக் கொண்டுசேர்க்கிறது. மேலே ஒட்டியிருக்கும் சோள மாவை நனைத்து, அதுவும் வறுபட வழிசெய்கிறது. வெந்த தோலின் கடினத்தைத் தளர்த்தி, நொறுங்கும் பதத்துக்குக் கொண்டுவருகிறது. இந்த மூன்றில் எதையும் வேறு எதனாலும் செய்ய முடியாது.

முடியும் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். எண்ணெய்க்குப் பதில் தண்ணீர் தெளிக்கச் சொல்கிறார்கள். தண்ணீர் மாவை வேகவைக்க உதவும் என்பது உண்மை. ஆனால் அந்தத் தண்ணீர் ஆவியாகித் தீரும்வரை தோலின் மேற்பரப்பு 100 டிகிரியைத் தாண்டாது. சிவக்க வேண்டுமானால் ஏறக்குறைய 140 டிகிரி வேண்டும். அதற்குள் உள்ளிருக்கும் பூரணத்தின் ஈரமும் தோலில் ஊறிவிடுகிறது. முட்டையடித்துப் பூசுங்கள் என்பார்கள் இன்னும் சிலர். நிறம் வரும், படத்தில் அழகாக இருக்கும். ஆனால் முட்டை தோலின் மேல் ஒரு படலமாக இறுகிக் கொப்புளங்களை எழவிடாது. கடித்தால் பன் மேலோடு மாதிரி இழுக்கும். பூரணத்தில்தான் கறிக்கொழுப்பு இருக்கிறதே என்பது மூன்றாவது வாதம். அந்தக் கொழுப்பு உள்ளிருந்து அடித்தோலில் கசியும், மேல்தோலை எட்டாது. அடி நமுத்தும் மேல் காய்ந்தும் வரும் வான்டன் அந்த வாதத்தின் பலன்.

உடம்பைப் பற்றிய கவலையை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. அதனால்தான் கணக்குப் போட்டுப் பார்க்கச் சொல்கிறேன். 12 வான்டனுக்கு ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் தாராளம். அது 15 மில்லி, ஏறக்குறைய 120 கலோரி. ஒரு வான்டனுக்கு 10 கலோரி வருகிறது. மைதாத் தோல் ஒன்றிலேயே அதைப்போல் இரண்டு மடங்கு இருக்கிறது. எண்ணெயைத் துறந்து மைதாவை வைத்துக்கொள்ளும் விரதத்தால் உடம்புக்குக் கிடைக்கும் லாபம் அவ்வளவுதான். உண்மையிலேயே குறைக்க நினைப்பவர் எட்டு சாப்பிடும் இடத்தில் ஆறு சாப்பிடட்டும். அந்த ஆறும் ருசியாக இருக்கட்டும்.

எண்ணெய் இல்லை என்றால் ஆபத்தே இல்லை என்ற நினைப்பும் சரியில்லை. மாவுப் பண்டங்கள் 120 டிகிரிக்கு மேல் ஈரம் வற்றிச் சிவக்கும்போது அக்ரிலமைடு என்ற பொருள் உருவாகிறது என்பதை 2002-இல் ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர்கள் உலகுக்கு அறிவித்தார்கள். அது எண்ணெயால் வருவதில்லை. மாவில் உள்ள அமினோ அமிலமும் சர்க்கரையும் சூட்டில் சேர்வதால் வருகிறது. அவனிலும் வரும், ஏர் ஃப்ரையரிலும் வரும். எண்ணெய் பூசாத வான்டனின் நடுப்பகுதி சிவக்கட்டும் என்று இரண்டு நிமிடம், மூன்று நிமிடம் என்று நேரத்தைக் கூட்டி ஓரங்களைக் கரியவிடுகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். பொன்னிறத்தில் நிறுத்த முடிவது எண்ணெய் பூசியவரால்தான்.

இவ்வளவு சொன்ன பிறகு, 'அப்படியானால் எண்ணெய்ச்சட்டியே மேல்' என்று எதிர்ப்பக்கத்தில் நிற்பவர்கள் மகிழ்வார்கள். அவர்களோடும் எனக்கு உடன்பாடு இல்லை. வான்டன் என்றாலே பொரிப்பதுதான் என்று அவர்கள் நினைப்பது, நம் ஊர் சீன உணவகங்களில் சூப்புக்கு முன்னால் வரும் தட்டைப் பார்த்து வந்த எண்ணம். வான்டனின் வீடு சூப்புக் கிண்ணம். காண்டன் பக்குவத்தில், உலர்ந்த மீனும் இறால் சினையும் கொதித்த தெளிந்த சாற்றில், முட்டை நூடுல்ஸுக்கு அடியில் அது கிடக்கும். ஷாங்காயில் வான்டனைத் தட்டைக் கல்லில் கொஞ்சம் எண்ணெய் விட்டு, அடி மட்டும் சிவக்க வாட்டி எடுக்கிறார்கள். காண்டன் விருந்துகளில் பொரித்த வான்டனுக்குத் தொட்டுக்கொள்ள இனிப்புப் புளிப்புக் குழம்பு வரும். கடல் கடந்து பெருவுக்குப் போன சீனர்களின் உணவகங்களில் பொரித்த வான்டனுக்குப் புளிச்சாறு துணை. சிங்கப்பூரின் உணவங்காடிகளில் வான்டன் மீ என்னும் வான்டன் நூடுல்ஸ் கேட்டால் சூப்பில் மிதப்பதும் பொரித்ததும் ஒரே தட்டோடு வரும் கடைகள் உண்டு. வேகவைத்தும் வாட்டியும் பொரித்தும் ஏற்கெனவே மூன்று விதமாக வாழும் பண்டம் நான்காவதாகச் சூடான காற்றில் வேகக் கூடாது என்று விலக்க அவர்களுக்கு எந்த மரபும் துணைவராது.

தவிர, எண்ணெய்ச்சட்டியை நம் வீடுகளில் எப்படிப் பயன்படுத்துகிறோம் என்பதையும் பேச வேண்டும். உணவகத்தில் நாள் முழுக்கப் பொரிக்கிறார்கள். நான்கு பேர் உள்ள வீட்டில் ஒரு மாலைச் சிற்றுண்டிக்கு அரை லிட்டர் எண்ணெயைக் காயவைத்து 20 வான்டன் பொரிக்கிறோம். மிஞ்சிய எண்ணெயைக் கொட்ட மனம் வருமா? வடிகட்டி வைத்து மறுநாள் தாளிக்கிறோம், அடுத்த வாரம் வடை சுடுகிறோம். வான்டனிலிருந்து உதிர்ந்த மாவு அடியில் தங்கி ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம் கருகுகிறது. திரும்பத் திரும்பக் காய்ந்த எண்ணெயில் சேரும் துருவச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெயைப் பயன்படுத்தக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் விதி 2018 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கிறது. அது உணவு விற்பவர்களுக்கு. வீட்டு எண்ணெயை அளந்துபார்க்க யாரும் வருவதில்லை, நம்மிடம் கருவியும் இல்லை. ஏர் ஃப்ரையருக்கு ஆதரவாகச் சொல்ல வேண்டிய நியாயமான வாதம் இதுதான்: ஒவ்வொரு முறையும் புது எண்ணெய், ஒரே ஒரு கரண்டி, மிச்சம் எதுவும் இல்லை. இவ்வளவு நல்ல வாதம் கையில் இருக்கும்போது 'எண்ணெயே வேண்டாம்' என்ற பொய் எதற்கு?

சரியாகச் செய்தால் என்ன வரும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சூடான காற்றுக்கு ஏற்ற வான்டனை முதலிலிருந்தே அதற்கென்று செய்ய வேண்டும். சட்டிக்குச் செய்ததைக் கூடையில் போட்டால் சரிவராது.

தோலில் தொடங்குவோம். பெரிய கடைகளின் ஃப்ரீசரில் கிடைக்கும் சதுரத் தோல் போதும். வெள்ளையும் மஞ்சளும் இருந்தால் மஞ்சளை எடுங்கள். முட்டையோ காரமோ (மிளகாய்க் காரம் அல்ல, சோடா போன்ற காரப்பொருள்) சேர்ந்த தோல் சீக்கிரம் சிவக்கும். காற்றில் வேகும்போது அந்த வேகம் நமக்கு வேண்டும். வீட்டிலேயே தேய்ப்பதென்றால் 200 கிராம் மைதாவுக்கு ஒரு முட்டை, அரைத் தேக்கரண்டி உப்பு, பிடித்த அளவு தண்ணீர். காரத்துக்கு, ஆப்பசோடாவைத் தட்டில் பரப்பி அவனில் 120 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்து எடுத்து, அதில் கால் தேக்கரண்டி கரைத்து ஊற்றலாம். அந்தப் பொடி வீரியமானது, வெறும் கையால் அள்ளக் கூடாது. மாவை அரை மணி நேரம் மூடிவைத்து, சோள மாவு தூவி, உள்ளங்கை ரேகை மங்கலாகத் தெரியும் வரை தேய்க்க வேண்டும். தடித்த தோல் காற்றில் வேகவே வேகாது. வேலை முடியும்வரை தோல் அடுக்கை ஈரத்துணியால் மூடிவைக்க வேண்டும். ஓரம் காய்ந்த தோல் ஒட்டாது, மடித்தால் வெடிக்கும்.

ஒவ்வொரு தோலையும் எடுத்தவுடன் உலர்ந்த பிரஷால் சோள மாவைத் தட்டிவிடுங்கள். அலுப்பான வேலைதான், யாரும் சொல்லித் தருவதும் இல்லை. ஆனால் நிறத்தைத் தீர்மானிப்பதில் பாதி இதுதான்.

பூரணம் ஈரமாக இருக்கக் கூடாது. இறாலைப் பொடியாக நறுக்கி, கொத்திய கோழியோடு உப்பு சேர்த்து ஒரே திசையில் பிசைந்தால் பசைபோல் சேர்ந்துவரும். வெள்ளை மிளகுத்தூள், இஞ்சி, வெங்காயத்தாளின் பச்சைப் பகுதி, கொஞ்சம் சீன எள்ளெண்ணெய் போதும். வறுத்த எள்ளில் எடுக்கும் அந்த எண்ணெய் வேறு, நம் நல்லெண்ணெய் வேறு. நல்லெண்ணெய் விட்டால் வாசனை மாறிவிடும். சைவமென்றால் முட்டைகோஸில் உப்புப் பிசறிக் கால் மணி நேரம் வைத்துப் பிழிய வேண்டும். காளானைத் தண்ணீர் வற்றும்வரை வதக்க வேண்டும். தோல் ஒன்றுக்கு ஒரு தேக்கரண்டிக்கும் குறைவாக வைத்தால் போதும். நிறைய வைத்தால் பூரணம் வேகும் முன்னே தோல் கருகும்.

மடிப்பு விஷயத்தில் நான் கண்டிப்பானவள். இரண்டு மூலைகளை இழுத்துக் கோத்து, தொப்பிபோல் மடிக்கும் வடிவம் சூப்புக்கும் சட்டிக்கும் அழகு. அந்த இடத்தில் தோல் மூன்று நான்கு அடுக்காகச் சேர்கிறது; காற்று அதற்குள் போகாது. கூடைக்கு முக்கோணம்தான் சரி. ஓரத்தில் விரல்நுனியால் தண்ணீர் தடவி, பூரணத்தைச் சுற்றியுள்ள காற்றை வெளியே தள்ளிக்கொண்டே அழுத்தி ஒட்டுங்கள். உள்ளே காற்று தங்கினால் சூட்டில் ஊதி வாய் பிளந்துவிடும்.

இனி எண்ணெய். கடலை எண்ணெயோ சூரியகாந்தியோ, சூடு தாங்கும் எதுவும் ஆகும். பிரஷால் இரண்டு பக்கமும், மடிப்பின் விளிம்பிலும் பூசுங்கள். தோல் முழுக்க ஒரு பளபளப்பு வர வேண்டும், சொட்டக் கூடாது. டின்னில் வரும் ஸ்ப்ரே வேண்டாம். அதில் கலந்துள்ள மற்ற பொருள்கள் கூடையின் பூச்சில் பிசினாகப் படிந்து அதைக் கெடுக்கின்றன. கையால் அழுத்தும் தெளிப்பான் இருந்தால் அது பரவாயில்லை.

கூடையை 180 டிகிரியில் மூன்று நிமிடம் சூடாக்கிவிட்டு, வான்டன்களை ஒன்றையொன்று தொடாமல் ஒரே வரிசையாக அடுக்குங்கள். அடுக்கு மேல் அடுக்காகக் குவித்துவிட்டு இயந்திரம் சரியில்லை என்று சொல்வது நியாயமில்லை. பேக்கிங் தாளை விரித்தால் கீழிருந்து வரும் காற்று அடைபடும்; வெறுமனே கிடக்கும் தாளும், பூரணம் வைக்காத தோலும் விசிறி இழுப்பில் மேலே பறந்து சுருளில் ஒட்டித் தீப்பிடிக்கக்கூடும், அதில் கவனம் தேவை. நான்கு நிமிடம் கழித்துத் திருப்பிப்போட்டு, இன்னும் மூன்று நான்கு நிமிடம். கடைசி ஒரு நிமிடம் பக்கத்திலேயே நில்லுங்கள். பொன்னிறத்திலிருந்து கருப்புக்குப் போக அதற்கு அதிக நேரம் ஆகாது. கோழி சேர்த்திருந்தால் ஒன்றைப் பிளந்து நடுப்பகுதி வெந்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

இப்படி வரும் வான்டன் சட்டியில் பொரித்ததைப் போலவே இருக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். கொப்புளங்கள் குறைவாக இருக்கும், தோல் கொஞ்சம் தட்டையாக நிற்கும். பதிலுக்கு, பூரணத்தின் ருசி எண்ணெய் மூடாமல் தெளிவாகத் தெரியும்; இறாலின் இனிப்பு நாக்கில் நிற்கும். ஓரம் மெல்லியதாக நொறுங்கும், நடுப்பகுதி பொன்னிறமாக இருக்கும், பச்சை வாடை இருக்காது. தனக்கென்று ஒரு ருசி உள்ள பண்டம் அது.

எனவே இயந்திரம் விற்பவர்களிடமும் சமையல் காணொளி போடுகிறவர்களிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். எண்ணெய் இல்லாமல் என்று சொல்வதை நிறுத்திவிட்டு, எவ்வளவு எண்ணெய் என்று கரண்டிக் கணக்கில் சொல்லுங்கள். வாங்குகிறவர்கள் அதையும் கேட்டுக்கொள்வார்கள். வீட்டில் செய்கிறவர்கள் அடுத்த முறை கூடையில் பாதி வான்டனுக்கு எண்ணெய் பூசி, மீதியை வெறுமனே வைத்துப் பாருங்கள். எடுத்தவுடனே சாப்பிட வேண்டும். ஆறினால் உள்ளிருக்கும் ஈரம் தோலுக்கு ஏறி, பத்து நிமிடத்தில் இரண்டுமே நமுத்துவிடும்.